வீடு வீடாகப் போய்ச் சொல்லாத கலியாணம்

கோப்பாயில் இருந்துகொண்டு குணலட்சுமி மஹாலைத் தெரியாமல் இருக்க முடியாது. அதற்காகத்தான் கேதீஸ்வரன் அதன் பெயரை, கண் மங்கியவர்களும் வீதியின் அந்தக் கரையில் நின்று வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதுவித்திருந்தார். குணலட்சுமி அவருடைய மனைவி. "கட்டடத்துக்குச் செத்தவையின்ரை பேரைத்தான் வைக்கிறது. எனக்கு என்ன அவசரம்?" என்று அவள் திறப்புவிழாவன்றே கேட்டாள். மேளச் சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

எண்ணூறு பேர் இருக்கலாம். வாசலின் இருபுறமும் சீமெந்து யானைகள். மோட்டரைப் போட்டால் இரண்டும் தும்பிக்கையால் தண்ணீர் துப்பும். இடப்பக்க யானைக்குக் குழாயில் அடைப்பு. அது இருமிவிட்டுத்தான் துப்பும். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சனம் வந்திறங்கிப் பூப்பெய்திய பிள்ளைகளுக்குச் சாமத்தியச் சடங்கு செய்த காலத்தில், ஒரு வருடம் முந்திச் சொன்னால்தான் மண்டபம் கிடைக்கும். ஒரு பிள்ளை பல்லக்கில் வந்தது. இன்னொரு பிள்ளை பெரிய முத்துச் சிப்பிக்குள் இருந்து வந்தது. சிப்பி திறக்க மறுத்து, கடைசியில் தச்சுவேலைக்காரரைக் கூப்பிட்டுத்தான் பிள்ளையை வெளியே எடுத்தார்கள். அந்தப் படம் இப்போதும் கேதீஸ்வரனின் அலுவலக அறையில் தொங்குகிறது.

பிறகு என்ன நடந்ததோ, இளசுகள் கலியாணம் கட்டுவதையே ஒத்திப்போடத் தொடங்கிவிட்டார்கள். முதலில் படிப்பு, பிறகு வெளிநாடு, பிறகு 'இப்ப வேண்டாம்.' அப்படியும் கட்டுகிறவர்கள் பதிவாளரைக் கூப்பிட்டு எழுத்தோடு முடித்துவிட்டு, கடற்கரை விடுதியில் இருபது பேரோடு செருப்பில்லாமல் நின்று படம் எடுத்தார்கள். மண்டபத்து நாட்காட்டி வெள்ளை வெளேரென்று கிடந்தது.

கேதீஸ்வரன் இதைத் தன் சொந்த நட்டமாகப் பார்க்கிற சின்ன மனிதர் அல்லர். நாட்டின் நட்டமாகவே பார்த்தார். வாசிகசாலை ஆண்டுவிழாவில் 'இளையோரின் வாழ்க்கைமுறையும் எமது பொருளாதாரத்தின் வீழ்ச்சியும்' என்று பேசினார். பக்கத்துத் திருநெல்வேலியில் முளைத்த கோப்பிக் கடைகளைச் சாடினார். கொத்துரொட்டியை வீட்டுக்கு வருவித்துச் சாப்பிடுகிற சோம்பலைச் சாடினார். "நாய்க்கு பிஸ்கற் வாங்குகின்ற கரம் தொட்டிலை ஆட்டுமா?" என்று கேட்டு நிறுத்தினார். கைதட்டல் விழுந்தது. தட்டியவர்கள் எல்லாம் அறுபது தாண்டியவர்கள்.

பேச்சோடு நிற்கவில்லை. 'உணவு விநியோகம் செய்வோர் உட்பிரவேசித்தல் முற்றாகத் தடை' என்று பலகையில் ஒரு போட்டு எழுதி வீட்டுக் கேற்றில் மாட்டினார். வீடு மண்டபத்துக்குப் பின்னால், ஒரே வளவு, ஒரே கேற். ஒரே மகள் பிரசாந்தி திருநெல்வேலியில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறவள். அமெரிக்காக்காரன் விழித்திருக்கிற நேரத்துக்கு இங்கே இவளும் சாமத்தில் வீட்டிலிருந்து விழித்து வேலை செய்ய வேண்டும். அதனால் அவளுடைய கொத்து மதிலுக்கு மேலால் வந்தது.

இப்படியிருக்கையில், இணையத்தில் சாமான் விற்கிற கொழும்புக் கம்பனி ஒன்றிலிருந்து ஓர் ஆள் வந்தார். மண்டபத்தைப் பொதிகள் பிரிக்கிற களஞ்சியமாக்கக் கேட்டார். மணவறை போடும் இடத்தை அளவுநாடாவால் அளந்தார். "இஞ்சை ஃபிரிட்ஜ் பெட்டியள் அடுக்கலாம் ஐயா. ஆனை ரெண்டையும் எடுக்கவேண்டி வரும், லொறி திரும்பாது" என்றார். ஆவணி முடியமுதல் பதில் வேண்டும் என்றும் சொன்னார்.

யானைகளை எடுப்பதா? கேதீஸ்வரன் அன்றைக்கே மோட்டரைப் போட்டு, இரண்டும் துப்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வழி. பிரசாந்திக்கும் வாகீசன் என்கிற அளவெட்டிப் பெடியனுக்கும் கலியாணம் பேசி முடித்தாயிற்று. அதை மண்டபத்தில் வைத்து, யானைகள் துப்ப, எண்ணூறு கதிரையும் நிரம்பச் செய்து காட்டினால், பார்த்த சனம் தங்கள் பிள்ளைகளுக்கும் கேட்டு வரும். கம்பனிக்காரனைத் திருப்பி அனுப்பலாம்.

"எழுத்து மட்டும் போதும் அப்பா" என்றாள் பிரசாந்தி. "வீட்டு வளவுக்கை. ஒரு அறுபது பேர்."

"அறுபது பேரோ? என்ரை மண்டபத்திலை பந்தி பரிமாறிறவையே அறுபது பேர் பிள்ளை!"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

"மண்டபக்காரன்ரை மகளுக்கே மண்டபம் வேண்டாமாம் எண்டால் ஊர் என்ன கதைக்கும்? உங்கடை காலத்துப் பிள்ளையளாலைதான் நாடு இந்த நிலையிலை நிக்குது."

"அப்பா, முகம் தெரியாத ஆயிரம் பேருக்குச் சோறு போட்டு, பிறகு அஞ்சு வருசம் கடனைக் கட்டினால் அது கௌரவம். நான் ஒரு கோப்பி குடிச்சால் நாடு கவிண்டிடும். அப்பிடியோ?"

கேதீஸ்வரனிடம் இதற்கு நல்ல பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாசிகசாலை மேடையும் ஒலிபெருக்கியும் தேவைப்பட்டன. இரண்டும் இல்லாதபடியால் ஒத்துக்கொண்டார்.

ஒத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த தலையிடி. சொல்லாமல் விட்ட வீடுகள் கோவிக்கும். கோவித்தவர்கள் கடைசிவரைக்கும் மண்டபப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

"நான் வீடு வீடாப் போய், ஏன் கூப்பிடேல்லை எண்டு விளங்கப்படுத்திப்போட்டு வாறன்" என்றார்.

பிரசாந்தி தாயைப் பார்த்தாள். "கூப்பிடேல்லை எண்டு சொல்லுறதுக்கு ஆரும் வீட்டை போவினமோ? வாட்ஸப்பிலை ஒரு வசனம் போட்டுவிடுங்கோ அப்பா."

"வாட்ஸப்பிலை செத்தவீடுதான் சொல்லுறது" என்றார் கேதீஸ்வரன். அதோடு கதை முடிந்தது.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று வீட்டுக்கு ஒரு பெட்டி லட்டு எடுத்தார். சாரத்தோடு போகக்கூடாது என்று பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, சந்தனப் பொட்டு வைத்தார். மண்டபத்தின் பெயர் எழுதிய வானில் ஏறினார்.

முதல் வீடு, இளைப்பாறிய அதிபர் தில்லைநாதனுடையது. கேதீஸ்வரன் கதிரையில் இருக்காமல் நின்றபடியே ஆரம்பித்தார்.

"பெருமதிப்புக்குரிய தில்லைநாதன் அண்ணை, எமது ஏகபுத்திரி திருநிறைச்செல்வி பிரசாந்திக்கும், அளவெட்டியைச் சேர்ந்த திருநிறைச்செல்வன் வாகீசனுக்கும், நிகழும் ஆவணித் திங்கள் கடைசி வெள்ளிக்கிழமை காலை சுபமுகூர்த்தத்திலே, எமது இல்லத்திலே நடைபெறவிருக்கின்ற விவாக எழுத்து வைபவத்துக்கு, தங்களையும், தங்கள் பாரியாரையும், சுற்றம் சூழ..."

இந்த இடத்தில் தில்லைநாதனின் மனைவி தேத்தண்ணியோடு வந்தார். தில்லைநாதன் எழுந்து கேதீஸ்வரனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கட்டாயம் வாறம் தம்பி! நீர் வீடு தேடி வந்து சொன்னாப்பிறகு வராமல் விடுவமோ?"

வசனத்தின் மிச்சம், அதாவது 'அழைக்க முடியாமைக்கு மனம் வருந்துகின்றோம்' என்பது, தேத்தண்ணியோடு தொண்டைக்குள் இறங்கிவிட்டது. தமிழில் இந்தத் தொல்லை இருக்கிறது. 'இல்லை' என்பது கடைசியில்தான் வரும். கேதீஸ்வரனின் வசனங்களில் அந்தக் கடைசிக்கு ஆள் போய்ச் சேர்வதற்குள் கதிரை, பாய், தேத்தண்ணி, பலகாரம் எல்லாம் வந்துவிடும்.

அடுத்த வீட்டில் 'திருநிறைச்செல்வன்' என்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வீட்டில் லட்டுப் பெட்டியைக் கண்டதும் "எப்ப நாள்?" என்று கேட்டு, நாளைச் சொன்னதும் "வாறம்" என்றார்கள். கேதீஸ்வரன் இதையெல்லாம் பண்பு என்று எடுத்துக்கொண்டார். "ஒருத்தரும் கோவிக்கேல்லை. எல்லாரும் பெரிய மனசுக்காரர்" என்று மனைவிக்கு வந்து சொன்னார். அவர் முகம் ஏன் அவ்வளவு பளபளப்பாக இருந்தது என்று குணலட்சுமி யோசித்தாள். வெயிலாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வளவில் மாமரத்துக்குக் கீழே அறுபது கதிரைகள். பதிவாளர் புத்தகத்தை விரித்துப் பேனையைத் திறந்த நேரம் கேற்றடியில் ஒரு வான் நின்றது. தில்லைநாதன் இறங்கினார். மனைவி இறங்கினார். மகன், மருமகள், மருமகளின் தாய் தகப்பன், அவர்களோடு வந்த கொழும்பு விருந்தாளிகள் என்று சுற்றம் சூழ இறங்கினார்கள். பின்னால் இன்னொரு வான். அதற்குப் பின்னால் ஓட்டோக்கள். ஒழுங்கை முழுக்கப் பட்டுச் சேலை. மண்டபம் ஓடிய நல்ல காலத்தில்கூட இவ்வளவு சனம் நேரத்துக்கு வந்ததில்லை.

குணலட்சுமி கணவரைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இஞ்சாருங்கோ, அந்தச் சனத்துக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

கேதீஸ்வரன் சால்வையைச் சரிசெய்துகொண்டு, "பெருமதிப்புக்குரிய..." என்று தொடங்கினார்.

பாதியில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இதிலை எங்கை 'இல்லை' இருக்கு?"

"கடைசியிலை."

"கடைசி மட்டும் ஆர் இருந்து கேட்டது?"

அவர் யோசித்தார். ஒருவரும் இல்லை. அதுதான் முகத்தில் தெரிந்தது.

பிரசாந்தி பட்டுச்சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது. அவள் கேட்டது அறுபது பேர். தன்னைத் தெரிந்த, தான் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய அறுபது பேர்.

"அப்பா."

கேதீஸ்வரன் தன் வாழ்நாளிலேயே ஆகக் குறுகிய பேச்சை அப்போது பேசினார்.

"பிழை என்னிலைதான் பிள்ளை."

மேற்கொண்டு ஏதாவது வரும் என்று மகளும் தாயும் காத்து நின்றார்கள். வரவில்லை. பிரசாந்திக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, பிறகு சிரிப்பு வந்தது.

"சரி, மண்டபத்தைத் திறவுங்கோ. ஆனா மேடையிலை நாங்கள் ஏறமாட்டம். சோடினை இல்லை. ஆனை துப்பக் கூடாது."

"இடப்பக்கத்து ஆனை மட்டும் ஒருக்கா..."

"அப்பா!"

மண்டபம் திறபட்டது. சனம் இருந்தது. எழுத்து முடிந்தது. ஆனால் அடுப்பில் இருந்தது அறுபது பேருக்கான சாப்பாடு. சமையல்காரர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, தான் மேற்கொண்டு பொறுப்பில்லை என்று அறிவித்தார்.

அப்போதுதான் ஜெசிதா முன்னுக்கு வந்தாள். பிரசாந்தியோடு வேலை செய்கிற குருநகர்ப் பிள்ளை. கையில் ஒரு கைபேசி, காதில் இன்னொன்று.

"அங்கிள், யோசியாதையுங்கோ. திருநெல்வேலியிலை இருக்கிற எல்லாக் கடையும் என்ரை ஃபோனுக்கை இருக்கு. ஓடர் பண்ணவோ?"

"பிள்ளை, இது சுபகாரியம். மச்சம் மாமிசம் கலக்கக் கூடாது."

"எல்லாம் சைவக் கடை அங்கிள். இடியப்பக் கொத்து, மரக்கறிச் சோறு, வடை. ஆனா ஒண்டு. அவங்கள் உள்ளுக்கு வரமாட்டாங்கள். கேற்றிலை ஆரோ ஒரு மொக்கு போட்டு மாட்டி வைச்சிருக்கு. முதல்லை அதைக் கழட்டவேணும்."

எழுதியவர் யார் என்று அவளுக்குத் தெரியாது என்றே கேதீஸ்வரன் நம்ப விரும்பினார். ஏணி தேட நேரமில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதிரை ஒன்றில் ஏறி, தன் கையாலேயே போட்டைக் கழற்றினார். 'உட்பிரவேசித்தல்' என்ற சொல் இவ்வளவு பாரமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்தன. முதலாவதாக வந்தவன் போட்டு இருந்த இடத்தைப் பார்த்து நின்றான். "ஐயா, உள்ளுக்கு வரலாமோ, இல்லாட்டி மதிலாலை தரவோ?"

"வாங்கோ, வாங்கோ" என்றார் கேதீஸ்வரன். இந்த அழைப்பில் பின்னுக்கு ஒன்றும் இல்லை.

சனம் மடியில் சாப்பாட்டுப் பாசல்களை விரித்துச் சாப்பிட்டது. பந்திக்குப் பின்னால் நின்று, இருக்கிறவன் எப்போது எழும்புவான் என்று இலையைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் மேடையில் இல்லாதபடியால் படம் எடுக்க வரிசையும் இல்லை. அவர்களே ஆள் ஆளாக வந்து கதைத்தார்கள். வாகீசன் தில்லைநாதனுக்குப் பக்கத்தில் இருந்து வடை சாப்பிட்டான். "நான் போன கலியாணங்களிலை மாப்பிள்ளையின்ரை குரலைக் கேட்டது இதிலைதான்" என்றார் தில்லைநாதன். பிரசாந்தி முன்பின் தெரியாத கிழவி ஒருத்தியோடு கதைத்துக்கொண்டு நிற்பதைக் கேதீஸ்வரன் கண்டார். இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னேரம் ஆக முந்தி எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மண்டபத்தில் அழுகிய பூ இல்லை, மிஞ்சிய சோறு இல்லை.

'செலவில்லாமல் சுழிச்சுப்போட்டான்' என்று ஊர் கதைக்கும் என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தார். ஊர் கதைக்கத்தான் செய்தது. மூன்றாவது நாள் நீர்வேலிக் கதிரவேலு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மகனுக்குக் கலியாணம். உங்கடை மோளுக்குச் செய்த மாதிரி வேணும். மேடை வேண்டாம், சோடினை வேண்டாம், பாசல் சாப்பாடு, வெள்ளன முடியவேணும். பெடியன் இதுக்கெண்டால்தான் கட்டுவன் எண்டு நிக்கிறான்."

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் கேட்டு வந்தார்கள். முன்னர் ஒரு கலியாணத்தில் வந்தது இப்போது நாலு கலியாணத்தில்தான் வரும். ஆனால் நாலும் வந்தது. ஒரே நாளில் காலை ஒன்று, பின்னேரம் ஒன்றுகூட வந்தது. கம்பனிக்காரர் தொலைபேசியில் அழைத்தபோது கேதீஸ்வரன் மிக நீளமாகப் பேசினார். கடைசிவரை கேட்டாரோ தெரியாது, லொறி மட்டும் வரவில்லை. யானைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

அடுத்த வாசிகசாலைக் கூட்டத்தில் கேதீஸ்வரன் பேசிய தலைப்பு 'எளிமையும் எமது பொருளாதாரத்தின் எழுச்சியும்.' இந்த முறையைத் தாம் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்ததாகச் சொன்னார். முன் வரிசையில் இருந்த பிரசாந்தி ஒரு கோப்பிக் கோப்பையை உயர்த்திக் காட்டினாள். ஒரு கணம் தடுமாறினாலும் சமாளித்துவிட்டார்.

கதிரவேலு நாள் குறித்துக்கொண்டு போன அன்றைக்கு, கேற்றடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஒண்டு கேக்கலாமோ? எங்கடை ஆக்கள் கனபேர். எல்லாரையும் கூப்பிட ஏலாது. கூப்பிடாட்டிக் கோவம். நீங்கள் போய்ச் சொன்ன வீடுகளிலை ஒருத்தரும் கோவிக்கேல்லையாம், உங்களை விட்டால் இதுக்கு ஆள் இல்லை எண்டு சொல்லுகினம். வீடு வீடா வந்து, கூப்பிடேல்லை எண்டதை அந்த மாதிரி அழகாச் சொல்லித் தருவியளோ?"

கேதீஸ்வரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சால்வையை உதறித் தோளில் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"அதுக்கென்ன, இப்பவே சொல்லிக் காட்டுறன். பெருமதிப்புக்குரிய..."

குசினி யன்னலுக்குள்ளால் குணலட்சுமியின் குரல் வந்தது.

"முதல்லை 'இல்லை'யைச் சொல்லுங்கோ!"