திட்டுப் பதிவு

ஒலிப்பதிவு மென்பொருளில் சின்ன மாப்பிள்ளைக்கு மூன்றே வேலைகள்தான் தெரியும் என்று குடும்பத்தில் எல்லாரும் நினைத்தார்கள். மூன்றுக்கு மேல் தனக்குத் தேவைப்படவில்லை என்பது அவருடைய வாதம். பதிவு செய்ய ஒரு சிவப்புப் பொத்தான், வெட்ட ஒரு கத்தரி, ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு. பாடப்புத்தகங்களை ஒலிவடிவில் வெளியிடும் நிறுவனத்தில் இந்த மூன்றை வைத்தே அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். திரையில் அடுக்கடுக்காகக் கிடந்த மற்ற கருவிகளை, கையைப் பிடித்து இழுக்கும் கடைக்காரர்களைத் தாண்டிப் போவதுபோல் முகம் திருப்பிக்கொண்டு தாண்டிவிடுவார்.

அவருடைய இளக்காரமெல்லாம் சகலைமேல்தான். மனைவியின் அக்காவைக் கட்டியவர். சோபாவும் கட்டிலும் விற்கும் கடையில் மேலாளர். அவரிடமும் இதே மென்பொருள் இருந்தது, ஆனால் சகல வசதிகளும் அடங்கிய பெரிய பதிப்பு. வீட்டில் ஓர் அறையை அதற்கென்றே ஒதுக்கி, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டி, தன்னை இசையமைப்பாளர் என்று சொல்லிக்கொண்டார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பாட்டு இன்னும் முடிந்தபாடில்லை. போகும்போதெல்லாம் சின்னவரை நாற்காலியில் உட்காரவைத்து, பாட்டை ஒருமுறை கேட்கச் சொல்வார், ஒரு குமிழைத் திருகுவார், மறுபடி ஒருமுறை கேட்கச் சொல்வார். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நன்றாக இருப்பதாகத் தலையாட்டிவிட்டு வரும் சின்னவர், வாசலைத் தாண்டியதும் மனைவியிடம் சொல்வார்:

"உங்க அத்தான் அடுப்பையே பத்தவைக்கல. அதுக்குள்ள தட்டுல அலங்காரம் பண்ணிட்டு இருக்காரு."

பெரியவரும் சளைத்தவர் அல்ல. சின்னவருக்குக் 'கத்தரி' என்று பெயர் வைத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் மாமியாருக்குத் தொண்டையில் கட்டி என்று தெரியவந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சு வராது. மாமியார் பேசியே பிழைத்தவர். பெரிய பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை எடுக்காமல் அரட்டை அடிக்கும் ஓட்டுநரின் மானத்தை ஒலிபெருக்கியிலேயே வாங்கிவிடுவார் என்று பெயர். மகள்கள் இருவரும் அழுது ஓய்ந்த பிறகு, அவர் தன் விருப்பத்தைச் சொன்னார். பாட்டு, அறிவுரை என்று எதையும் பதிவு செய்ய வேண்டாம். தன் திட்டுகளைப் பதிவு செய்து வைத்தால் போதும்.

"நான் வாய மூடிட்டா இந்த வீட்டுல கேக்க ஆளில்லன்னு ஆயிடும். அதுக்கு நான் விடமாட்டேன்."

முதலில் பெரியவர்தான் முந்திக்கொண்டார். மாமியாரைப் பஞ்சுப் பலகை அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, திட்டச் சொன்னார். பிறகு ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு அதை மெருகேற்றினார். இரைச்சல் நீக்கும் கருவி மாமியாருடைய 'ச்சீ'யில் பாதியைத் தின்றுவிட்டது. சுருதி திருத்தும் கருவி, கோபத்தில் ஏறும் குரலை அழகாகப் படியிறக்கியது. போதாக்குறைக்கு எதிரொலி வேறு. எல்லாரையும் அழைத்து, ஹெட்போனை ஒவ்வொருவர் தலையாக மாற்றி மாட்டிக் கேட்கவைத்தார். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்ட சின்ன மகளை வானத்திலிருந்து யாரோ ஆசீர்வதிப்பதுபோல் இருந்தது. சின்ன மாப்பிள்ளை சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமியார் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பெரிய மாப்பிள்ள, இது யாருங்க? ரொம்ப நல்ல பொம்பளையா இருக்காங்க."

மறுநாள் சின்னவர் தன் மடிக்கணினியோடு போனார். ஒரே ஒரு மைக். அதை மாமியாரின் சமையலறை மேஜைமேல், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தார். சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார். மாமியார் வரிசையாக ஆரம்பித்தார். சதா கைப்பேசியை நோண்டும் பெரிய மகள், துண்டை மடிக்கத் தெரியாத சின்ன மகள், பாட்டை முடிக்காத பெரிய மாப்பிள்ளை. மகள்களை வாடி போடி என்றும், மாப்பிள்ளைகளை வாங்க போங்க என்றும் திட்டினார். அந்த மரியாதைதான் கூடுதலாகச் சுட்டது. பெரியவரைப் பற்றிய பகுதியில் சின்னவர் மெல்ல ஒலிக் கோட்டை ஏற்றிவிட்டார்.

கடைசியாக மாமியார் அவர் பக்கம் திரும்பினார். நிதானமாக, ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல் பேசினார். பேசி முடித்து, "போதும், நிறுத்துங்க" என்று எழுந்துபோய்விட்டார்.

வீட்டுக்கு வந்த சின்னவர் வேலையைத் தொடங்கினார். இருமல்களை வெட்டினார். செம்பு உருண்ட சத்தத்தை வெட்டினார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் ஒருமுறை கேட்டார். அப்புறம் கத்தரியை வைத்து, அங்கிருந்து முடிவுவரை எடுத்துவிட்டுச் சேமித்தார். தான் செய்தது தவறு என்று அவருக்குத் தோன்றவில்லை. உடம்பு முடியாத நேரத்தில் வந்த பேச்சு, எல்லாவற்றையும் வைக்க முடியுமா என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாமியார் வீடு திரும்பி, கழுத்தில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு மதியம், குடும்பமே கூடிப் பதிவைக் கேட்டது. முதல் திட்டு வந்ததுமே மகள்கள் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அப்பட்டமாக அம்மாவின் குரல், மேஜையில் அவர் விரல் தட்டுவதுகூடக் கேட்டது. தன் பங்கு வந்தபோது பெரியவர் தரையைப் பார்த்தார். சின்னவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மூன்றே பொத்தான்களில் சாதித்தாகிவிட்டது.

பதிவு முடிந்தது. மாமியார் விரலை நீட்டிச் சின்ன மாப்பிள்ளையைக் காட்டினார். பிறகு கணினியைக் காட்டினார்.

"அந்தப் பகுதி கெட்டுப்போச்சு, அத்தை," என்றார் சின்னவர்.

"குடுங்க தம்பி, சரிபண்ணிடலாம்," என்று பெரியவர் ஆசையோடு எழுந்துவந்தார். "கெட்டுப்போனத எடுக்குறதுக்குன்னே ஒரு கருவி இருக்கு."

சின்னவர் தாராளமாக நகர்ந்து இடம் கொடுத்தார். வெட்டி எறிந்ததை இந்த ஆள் எங்கிருந்து எடுப்பார்? எல்லார் முன்னாலும் குமிழ் குமிழாகத் திருகி மானம் போகட்டும் என்று நினைத்தார்.

பெரியவர் பட்டியல் பட்டியலாகத் திறந்து மூடினார். தேடிய கருவி அந்தச் சின்னப் பதிப்பில் இல்லவே இல்லை. சலிப்போடு மவுஸை இழுத்தபோது, பதிவுத் துண்டின் ஓரம் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஓட்டுக்குள்ளிருந்து ஆமை தலை நீட்டுவதுபோல, வெட்டியிருந்த ஒலியெல்லாம் அலை அலையாகத் திரையில் நீண்டது. அந்த மென்பொருள் எதையும் எறிவதில்லை, மறைத்துத்தான் வைக்கிறது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் திரும்பி வந்துவிடும். இத்தனை ஆண்டு ஒலியை வெட்டியே சாப்பிட்ட சின்னவருக்கு அது தெரியாது. வெட்டியதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சின்னவர் கை நீட்டுவதற்குள் குரல் ஓடத் தொடங்கிவிட்டது.

"சின்ன மாப்பிள்ள, நீங்க கெட்டிக்காரர். அடுத்தவங்க பண்றதுல எங்க பிசிறு இருக்குன்னு ஒடனே தெரிஞ்சுடும் உங்களுக்கு. அதையே பொழப்பா வெச்சுக்கிட்டீங்க, சரி. ஆனா என் பொண்ணு வாயத் தெறந்தா நடுவுல வெட்டுறீங்களே, அது எந்த ஆபீஸ் வேல? கல்யாணத்துக்கு முன்னாடி அவ பேச ஆரம்பிச்சா ஊரே கேக்கும். இப்ப பாதி சொல்லிட்டு உங்க மூஞ்சியப் பாக்குறா. அவ ஒரு பேச்ச முழுசா முடிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சுங்க."

பதிவில் நாற்காலி நகரும் சத்தமும், "போதும், நிறுத்துங்க" என்பதும் கேட்டு அடங்கின. மாமியார் மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சின்னவரை அவர் ஏற்கெனவே எடைபோட்டு முடித்துவிட்டதுபோல் இருந்தது.

திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் மனைவி தொடங்கினாள். "அம்மா பேசுனத நீங்க வேணும்னேதான்..."

"அது அப்படி இல்ல, அதாவது," என்றார் அவர், வழக்கம்போல.

அவள் நிறுத்திவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்குக் காது மடல் சுட்டது. "சொல்லு" என்றார். அவள் சொன்னாள். ஒரு பேருந்து வந்து போயிற்று. அவர்கள் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. இடையில் மூன்று நான்கு தடவை அவருக்கு வாய்வரை பதில் வந்தது. ஒருமுறை தாங்காமல் சொல்லியும்விட்டார். அவள் அதைத் தாண்டிக்கொண்டு மேலே போனாள்.

சகலைமேல் இருந்த இளக்காரம் மட்டும் துளியும் குறையவில்லை. 'கை தவறி இழுத்த ஆளுக்கு இவ்வளவு நல்ல பேரா' என்று இன்றும் பொருமுகிறார். பெரியவரோ அந்தப் பாட்டுக்கு இப்போது வயலின் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.