கத்திக்கு நாலு போல்ட்

தெருவில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். காய்க் கடையில் தராசைப் பார்ப்பாள், தராசு பிடித்த கையையும் பார்ப்பாள். மருந்துக்கடைக்காரர் அவள் தலையைக் கண்டாலே மாத்திரை அட்டையைத் தேதி தெரியும்படி திருப்பி வைத்துவிடுவார். அப்படிப்பட்டவள் இந்த உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் சந்தேகப்பட்டதில்லை, தன் கணவரை. பொய் சொல்லுகிற சாமர்த்தியம் அந்த மனுஷருக்குக் கிடையாது என்பது அவள் கட்சி.

இருவருமாகக் காகிதம் வெட்டும் பட்டறை வைத்திருந்தார்கள். மெஷின் பழசு. காலால் மிதித்தால் கத்தி இறங்கும். கத்தியைப் பிடித்திருப்பவை நாலு போல்ட்டுகள். அதற்குக் கீழேதான் நாள் முழுக்க அவர் கை போய் வரும். அன்று காலை ஒரு போல்ட் மரை தேய்ந்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

“நீங்க போனா எதையாவது தலையில கட்டிருவாங்க. நான் போறேன். வர்ற வரைக்கும் மெஷினைத் தொடக்கூடாது.”

“தொடவே மாட்டேன், நீ போயிட்டு வா” என்றார். அவளும் நம்பிக் கிளம்பினாள்.

மாதிரிக்கு எடுத்த போல்ட்டில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

ஆறு கடைகளில் கையை விரித்தார்கள். “இது இப்ப வர்ற மரை இல்லக்கா, பழைய இஞ்சு மரை” என்றார்கள். ஒருவன் புதுசு ஒன்றை நீட்டி, “ரெண்டு சுத்து ஏறுது பாருங்க, மிச்சத்தை அடிச்சு இறக்கிக்கலாம்” என்றான். அவள் பார்த்த பார்வையில் அவனே அதை உள்ளே போட்டுவிட்டான்.

ஏழாவது கடைக்காரர் இல்லை என்று சொல்லவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது. மாதிரியை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். போனவர் போனவர்தான். உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. போல்ட் தலையில் போலிக் கம்பெனி முத்திரை அடிக்கிறானோ? அவள் எழுந்து எட்டிப் பார்த்தாள். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வந்தவர் கையில் இரண்டு போல்ட். ஒன்றில் சிவப்புப் பொட்டு இருந்தது. இன்னொன்றில் எண்ணெய் வழிந்தது.

“எதுக்கு எண்ணெய்? துருவை மறைக்கவா? உள்ள என்னத்தைப் போட்டு அடிச்சீங்க?”

“பழைய மெஷின் ஒண்ணு உடைக்கக் கிடக்குதும்மா. அதுலயிருந்து கழட்டினேன். இறுகிப் போயிருந்துச்சு.”

“கெட்டி இரும்புன்னு நான் எப்படி நம்புறது?”

அவர் கோபப்படவில்லை. கல்லாவிலிருந்து ஓர் அரத்தை எடுத்து நீட்டினார். “நீங்களே தேய்ச்சுப் பாருங்க. கெட்டின்னா அரம் பிடிக்காது.”

தேய்த்தாள். அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மயிரிழை போல ஒரு கீறல் மட்டும் விழுந்தது. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இவ்வளவு தூரம் சந்தேகப்பட்டதற்கு ஒரு பலன் வேண்டாமா? சும்மா இருக்கமாட்டாமல் தன் மாதிரி போல்ட்டையும் அரத்தில் வைத்து இழுத்தாள்.

பொலபொலவென்று இரும்புத்தூள் கொட்டியது.

“அது சும்மா லேத்துல கடைஞ்சது, பதம் ஏத்தாத பச்சை இரும்பு” என்றார் கடைக்காரர். “இதையா கத்திக்குப் போட்டிருந்தீங்க?”

போன வருஷம் நாலையும் மாற்றியவர் அவள் கணவர்தான். ‘ஒரிஜினல், அலைஞ்சு திரிஞ்சு வாங்கினேன்’ என்று சொன்னவரும் அவர்தான். அப்படியானால் மிச்சம் மூன்றும் இதே ஜாதிதான். போனை எடுத்து அழுத்தினாள்.

“என்னங்க, மெஷின் ஓடுதா?”

“இல்லியே. சும்மாதான் உக்காந்திருக்கேன்.”

அவர் குரலுக்குப் பின்னால் கத்தி இறங்கும் சத்தம் ‘தொம்’ என்று கேட்டது.

“அந்த போல்ட்டை எங்க வாங்கினீங்க?”

“எங்கயும் கிடைக்கல. லேத்துல கடைஞ்சேன். சொன்னா நீ பயப்படுவேன்னு...”

“போன் எந்தக் கையில இருக்கு?”

“வலது கையில.”

“இடது கை?”

காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது.

“இப்ப எடுத்துட்டேன்” என்றார்.

அவள் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “நான் வர்ற வரைக்கும் ரெண்டு கையையும் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு வாசல்ல நில்லுங்க” என்று கத்தினாள். அவள் கேட்காமலேயே கடைக்காரர் அந்தப் பழைய மெஷினிலிருந்து இன்னும் மூன்று போல்ட்டைக் கழற்றப் போனார். இந்த முறை சுத்தியல் சத்தம் அவளுக்கு உறுத்தவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் சொன்னபடியே நின்றிருந்தார், தப்பு செய்த பள்ளிப் பிள்ளை மாதிரி. அவள் திட்டவில்லை. இரண்டு கைகளையும் பாக்கெட்டிலிருந்து வெளியே இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பத்தும் இருந்தன. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.