ஒரே விலைக்காரியின் இடது கால்

நாள் முழுக்க நின்றபடி வியாபாரம் செய்கிறவர்களின் கால்வலியை ஆராய எங்கள் கடைத்தெருவுக்கு ஒரு டாக்டர் வந்தார். வந்தார் என்பது மரியாதைக்கு. செல்போன் திரையில்தான் வந்தார். வாரம் ஒரு முறை, கடை திறப்பதற்கு முன், வீடியோ கூட்டம். திரையில் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு கோடு வரும். வலி எவ்வளவோ, அந்த இடத்துக்கு விரலால் புள்ளியைத் தள்ள வேண்டும்.

"நீங்க வெறும் நோயாளிங்க இல்ல. இந்த ஆராய்ச்சியில பங்காளிங்க" என்று முதல் நாளே சொன்னார். பங்காளி என்றால் எங்கள் தெருவில் கோர்ட்டு வரை போகிற உறவு. அது அவருக்குத் தெரியாது.

சில வாரம் கழித்து டாக்டர் முகம் சுருங்கியது.

"எல்லாருமே பத்து போட்டிருக்கீங்க. பத்துன்னா எழுந்து நிக்கவே முடியாது. ஆனா பூட்டுக்கடை அண்ணன் இப்பவே ஏணி மேல நின்னுதான் பேசுறாரு."

பூட்டுக்கடைக்காரர் ஏணியிலிருந்து இறங்காமல் யோசித்தார். "நீங்க குறைச்சுக் கேக்கவே இல்லியே, டாக்டரம்மா."

டாக்டருக்குப் புரியவில்லை. குடைக்கடைக்காரர் விளக்கினார். "நாங்க ஒண்ணு சொல்வோம். நீங்க 'இவ்வளவா'ன்னு முகத்தைச் சுளிக்கணும். நாங்க கொஞ்சம் இறங்குவோம். சொன்ன உடனே எழுதிக்கிட்டா, நமக்குத்தான் கூட்டிக் கேக்கத் தெரியலன்னு மனசு உறுத்தாதா? அடுத்த வாரம் ஏத்தித்தான் சொல்வோம். பத்துக்கு மேல கோடு இல்லாததால நின்னோம்."

வேறு யாராவது என்றால் போனை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். டாக்டர் கெட்டிக்காரர். "சரி, பங்காளிங்க சொன்னா கேக்கணும்" என்று திரையிலிருந்த கோட்டை எடுத்துவிட்டு வாயாலேயே பேரத்தில் இறங்கினார்.

"பத்து."

"மூணு போட்டுக்கவா?"

"மூணா? என் முட்டி கேட்டா அழுதுடும். எட்டு."

"காலையில மாடிப்படி ஏறுனீங்களா?"

"ஏறுனேன்."

"அப்ப நாலு."

"உங்க முகத்துக்காக அஞ்சு."

கணக்கெல்லாம் ஒழுங்காக வர ஆரம்பித்தது. படியாதபோது அடுத்த ஆளிடம் போவதுபோல் திரும்பிக்கொள்ளவும் டாக்டர் பழகிவிட்டார். உடனே கடைக்காரர்கள் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக் குறைத்துக்கொள்வார்கள். குடைக்கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம், "எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது" என்றார்.

அவருடைய அண்ணன் மனைவிக்கு எதிர்ச்சாரியில் பாத்திரக்கடை. தெருவில் பேரம் இல்லாத ஒரே கடை. 'ஒரே விலை' என்று வாசலில் போர்டு. அண்ணி இந்தக் கூட்டங்களில் சேர்ந்ததில்லை. ஒரு நாள் அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடைக்குள் அண்ணி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குடைக்கடைக்காரர் எதிர்ச்சாரிக்குப் போனார்.

"கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி. அவங்க டாக்டர்தானே."

மறுநாள்தான் கூட்டம். அண்ணி சேர்ந்தார்.

"வலி எவ்வளவும்மா?"

"ஏழு."

"ஏழா." டாக்டர் அழகாக முகத்தைச் சுளித்தார். "நாலு போட்டுக்கறேன்."

"ஏழு."

"உங்களுக்காக நாலரை."

"வேணாம்னா விடுங்க." அண்ணியின் கட்டம் திரையிலிருந்து மறைந்தது.

"வருவாங்க, வருவாங்க" என்றார் பூட்டுக்கடைக்காரர். டாக்டர் அசையாமல் காத்திருந்தார். வரவில்லை என்றதும், "சரி, அடுத்தவங்க" என்றார். அதுவும் குடைக்கடைக்காரர் சொல்லிக் கொடுத்ததுதான்.

அவர் போனைக் கையில் பிடித்தபடியே தெருவைக் கடந்து ஓடினார்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம். இது என் மூக்கு. திருப்பறேன். இந்தப் போர்டைப் படிங்க."

"ஒரே விலை."

"எங்க அண்ணி கடை. எங்க அண்ணனே வாழ்நாள்ல ஒரு தடவைதான் குறைச்சுக் கேட்டிருக்காரு."

டாக்டர் போர்டை மறுபடி படித்தார். "அப்ப அவங்க சொன்ன ஏழு?"

"அசல் ஏழு."

"காலைக் காட்டுங்க."

அண்ணி வேண்டாவெறுப்பாகக் காலை நீட்டினார். இடது கெண்டைக்கால் வலதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, தோல் மினுமினுவென்று சிவந்திருந்தது.

"மூச்சு வாங்குதா?"

"காலையிலேருந்து கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்."

டாக்டர் இம்முறை மறுபேச்சுப் பேசவில்லை. "ஆம்புலன்ஸ் அனுப்பறேன். அவங்க ஒரு அடி நடக்கக் கூடாது. யாரும் காலைப் பிடிச்சு விடாதீங்க."

காலில் ரத்தம் கட்டியிருந்தது. அதில் ஒரு துணுக்கு நுரையீரல் வரை போயிருந்தது. "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா" என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் ஆரம்பித்தார். குடைக்கடைக்காரர் மீதியைக் கேட்க நிற்கவில்லை. மருந்துக்கடை எங்கே என்று விசாரிக்கப் போய்விட்டார். மருந்துச் சீட்டு அவரிடம் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு அண்ணி கட்டிலில் சாய்ந்தபடி வந்தார்.

"இப்ப எவ்வளவும்மா?"

"ரெண்டு."

டாக்டர் இரண்டு என்று எழுதிக்கொண்டார்.

"இதென்ன நியாயம்" என்றார் பூட்டுக்கடைக்காரர். "அவங்க சொன்னா அப்படியே எழுதறீங்க. எங்களை மட்டும் பிழியறீங்க."

"நீங்களும் போர்டு மாட்டுங்க அண்ணே."

"கடையை மூடச் சொல்றீங்களா?" என்றவர் கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு ஐந்துக்குப் படிந்தார்.

குடைக்கடைக்காரரின் முறை வந்தது.

"மூணு" என்றார்.

"ரெண்டு போட்டுக்கவா?"

"இல்லீங்க. மூணு."

"ரெண்டரை?"

"மூணுதாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"எந்தக் கால்?" என்றார்.