முதல் வாய்

புட்டியின் ரப்பரை மதுரன் நாக்கால் வெளியே தள்ளினான். தள்ளிய வேகத்தில் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு மறுபடியும் கத்த ஆரம்பித்தான். தனுஷிகாவின் சட்டையெல்லாம் டின் மாவில் கரைத்த மா பால் கொட்டி ஈரமாகிக் கிடந்தது. வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் மீறிக்கொண்டு எட்டு மாதப் பிள்ளையின் தொண்டை லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது.

முன் காம்பராவில் அவனுடைய அம்மா ஜெயந்தினி பெட்டிக்குள் கிடந்தாள். நேற்றுப் பகல் தேயிலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவிக் கூடு கலைந்துவிட்டது. மற்றவர்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடித் தப்பினார்கள். இவள் மட்டும் கால் இடறித் தண்ணீர்க் கானுக்குள் விழுந்துவிட்டாள். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணியின் வீங்கிய முகத்தைப் பார்க்கத் தனுஷிகாவுக்குத் துணிவு வரவில்லை. பிள்ளையைச் சாக்காக வைத்துக்கொண்டு காலையிலிருந்து குசினியிலேயே நின்றாள்.

குசினியில் அடுப்பு அணைந்து கிடந்தது. பிரேதம் எடுக்கும்வரை செத்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. வந்தவர்களுக்கெல்லாம் பக்கத்துக் காம்பராப் பேச்சியம்மாதான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில்லாத குசினியிலும் பெண்களுக்குக் குறைவில்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள்.

"தாயத் தேடுது, பாவம்."

"அத்தன பேரு நின்ன மலையில குளவி இவளயா பாத்து வரணும்? என்ன சாமி குத்தமோ."

தனுஷிகா பிள்ளையைத் தோளுக்கு மாற்றினாள். சொன்னவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் தனுஷிகா ஒருத்திதான்.

மதுரனுக்கு முன்னால் இரண்டு கரு தங்காமல் போயிற்று. ஜெயந்தினியின் புருசன், தனுஷிகாவின் அண்ணன் சுமன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்பவன். மூன்றாவது முறை ஜெயந்தினி முழுகாமல் இருந்தபோது தோட்டத்து மாரியம்மனுக்கு ஈர வேட்டியோடு நின்று நேர்ந்துகொண்டான். பிள்ளை தங்கினால் தேர்த் திருவிழா அன்று அம்மன் சந்நிதியில், தாய்மாமன் மடியில் வைத்து முதல் சோறு ஊட்டுவது. அதுவரை பாலைத் தவிர வேறொன்றும் பிள்ளையின் வாயில் வைப்பதில்லை. பிள்ளை தங்கினான். திருவிழாவுக்குத்தான் இன்னும் நாள் கிடந்தது.

பசிக்கு நாள் தெரியுமா? பிரசவ லீவு முடிந்து ஜெயந்தினி விடியவே வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகத் தொடங்கியதும் பால் வற்றிப்போனது. மா பாலைப் பிள்ளை தொடவில்லை. கிளினிக்கில் பிள்ளையின் நிறை இறங்கியது. ஆறு மாதம் முடிந்தும் சோறு கொடுக்காமல் என்ன செய்கிறாய் என்று மிட்வைப் அம்மா எல்லார் முன்னாலும் ஏசினார். அன்று மாலை ஜெயந்தினி அம்மன் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். மறுநாள் விடிய, பெரட்டுக்குப் போகுமுன் ஓர் உருளைக்கிழங்கை அவித்து மசித்தாள்.

"அம்மனும் புள்ள பெத்தவதானே, கோவிச்சுக்க மாட்டா. ஒங்க அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம் தனு."

"திருவிழா அன்னிக்கு இவன் லபக்குன்னு முழுங்கிட்டா என்ன செய்வீங்க?"

"மூஞ்சியச் சுளிக்க நான் பழக்கி விடுறேன்" என்று சொல்லி அண்ணி சிரித்தாள். தனுஷிகாவும் சேர்ந்துதான் சிரித்தாள். அன்றிலிருந்து காலையில் அண்ணியும் பகலில் தனுஷிகாவுமாக ஊட்டி, பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

சுமன் குசினிக்குள் வந்தான். பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, தங்கையின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"தனு, நேர்த்தியில ஏதும் தவறிப்போச்சா? அவ ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்லண்ணே."

"அப்ப ஏன்?" என்றான். அது அவளிடம் கேட்டதாகத் தெரியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டு வெளியே போனான்.

கோவில் தலைவர் செல்லசாமி இஸ்தோப்பிலிருந்து சொல்வது கேட்டது. "வருசம் திரும்பித் தலத்திவசம் முடியாம கோவில் படி ஏறக் கூடாதுப்பா. நேர்த்தி இனி அடுத்த வருசந்தான். அதுவரைக்கும் மா பாலப் பழக்குங்க."

அவர் சொல்லிவிட்டார். மா பாலைக் குடிக்க வேண்டியவன் குடிக்க வேண்டாமா? நேற்றுப் பகலுக்குப் பிறகு சீனித் தண்ணீர் நனைத்த துணியைத் தவிர அவன் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. அழுகைகூட இப்போது மெலிந்து, பூனைக்குட்டி கத்துவது போலாகிவிட்டது. ஒளித்து ஊட்டலாம் என்றால் இந்த லயத்தில் இன்று ஆளில்லாத மூலை ஏது? எல்லார் முன்னாலும் ஊட்டினால் அவன் வாயே அண்ணியைக் காட்டிக்கொடுத்துவிடும். நேர்த்தியை முறித்தாள், அதுதான் அம்மன் தூக்கிவிட்டாள் என்று நாளைக்கு மலை முழுக்கப் பேசுவார்கள். அண்ணன் சாகும்வரை அதை நம்புவான். செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்?

மதுரன் அவள் தோளில் வாயை வைத்துச் சட்டையைச் சப்பினான். தனுஷிகா எழுந்து பேச்சியம்மாவின் குசினிக்குப் போனாள்.

"பெரியம்மா, கொஞ்சம் சோறு கொழைய வச்சுத் தாங்க. இவனுக்கு."

பேச்சியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சின்னச் சட்டியில் அரிசியைக் கழுவிப் போட்டாள். "பருப்பு போடவா?"

"கொஞ்சமா போடுங்க. கேரட்டுந்தான். ஆனா நல்லா மசியணும், திப்பி இருந்தா துப்பிருவான்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அகப்பையைப் பிடித்த பேச்சியம்மாவின் கை கொஞ்சம் நின்றது. பிறகு கேரட் ஒன்றை எடுத்துச் சுரண்டத் தொடங்கினாள். "அடுப்ப ஊது" என்று மட்டும் சொன்னாள்.

கிண்ணத்தோடு தனுஷிகா முன் காம்பராவுக்குள் நுழைந்தபோது எல்லாரும் கிண்ணத்தையே பார்த்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் சுமனும், உடப்புசல்லாவையிலிருந்து விடியவே வந்திருந்த ஜெயந்தினியின் அண்ணன் ஜெயகாந்தனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, நான் இவனுக்குச் சோறு ஊட்டப் போறேன்."

"நேர்த்தி இருக்கு தனு."

"இருக்கட்டும். நான்தான் முறிக்கிறேன். குத்தம் வந்தா எனக்கு வரட்டும்."

செல்லசாமி வாசலில் எழுந்து நின்றார். சுமன் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெயகாந்தன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"குடுங்க புள்ளய. மாமன் மடியிலதானே ஊட்டணும்? மாமன் இங்கதான இருக்கேன்."

தனுஷிகா விரலில் கொஞ்சம் எடுத்து, சூட்டைத் தன் உதட்டில் பார்த்தாள். சுளிடா தம்பி, ஒரே ஒரு தரம் மூஞ்சியைச் சுளித்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள். மதுரன் விரலைக் கண்டதுமே வாயை ஆவென்று திறந்தான். சோறு உள்ளே போனது. ஒரு பருக்கை வெளியே வரவில்லை. விழுங்கிவிட்டு, மாமன் மடியிலிருந்து முன்னால் சாய்ந்து கிண்ணத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடியும் வாயைத் திறந்தான்.

அந்தக் காம்பராவில் இருந்த பெண்களில் பிள்ளை வளர்க்காதவள் தனுஷிகா ஒருத்திதான். முதல் சோற்றைப் பிள்ளை சுளித்துத் துப்பும் என்று மற்ற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். தனுஷிகாவின் விரல் கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

"மொத வாயிலயே..." என்றான் சுமன்.

"எங்க மூணாவது பயலும் இப்பிடித்தான்" என்று வாசலிலிருந்து பேச்சியம்மா சொன்னாள். "மொத வாயிலயே முழுங்கிப்புட்டு அடுத்ததுக்கு வாயத் தொறந்தான்."

பேச்சியம்மாவின் மூன்றாவது பயல் ஒரு மாதம் முழுக்கச் சோற்றைத் தாயின் மூஞ்சியில் துப்பியவன். அந்தக் கதையை அவளே சொல்லிச் சொல்லி, கல்யாண வயது வந்தும் லயத்தில் அவனை இன்னும் கேலி செய்கிறார்கள்.

"எங்க மகளும் அப்பிடித்தான்" என்றாள் ஒருத்தி. காலையில் சாமி குத்தம் பேசியவள்தான் அவள். "பசிச்ச புள்ள முழுங்காம என்ன செய்யும்? ஊட்டும்மா" என்றாள் இன்னொருத்தி.

தனுஷிகா ஊட்டினாள். கண்ணீர் கிண்ணத்துக்குள் விழாமல் முகத்தைத் திருப்பியபோது அண்ணியின் முகம் எதிரே இருந்தது. இந்த முறை பார்த்தாள். சுமன் மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாய்க்கரிசிக்கு நேரமாகிவிட்டதென்று கூப்பிட்டார்கள். அவன் எழுந்து அரிசியை அள்ளினான். குனிந்து அவள் வாயில் போட்டான்.

அடக்கம் முடிந்து, பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு ஆண்கள் திரும்பியபோது மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. பேச்சியம்மா குசினி அடுப்பை மூட்டிவிட்டுப் போனாள். மதுரன் வயிறு நிறைந்து அத்தையின் மடியில் தூங்கிப்போயிருந்தான். சுமன் ஈரத் தலையோடு வந்து அடுப்புக்கு முன்னால் குந்தினான். சாக்கிலிருந்து இரண்டு உருளைக்கிழங்கை எடுத்துக் கழுவிச் சட்டியில் போட்டான்.

"எந்திரிச்சா பசிக்கும்ல" என்றான்.

தனுஷிகா தலையாட்டினாள்.

சுமன் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினான்.

"அவ எதுல போட்டு மசிப்பா?"

தனுஷிகா அண்ணனைப் பார்த்தாள். அவன் நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து, விறகு அடுக்குக்குப் பின்னால் கையை விட்டாள். ஜெயந்தினியின் பழைய தலைத்துணியில் சுற்றிய சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

நேற்றுக் காலை மசித்த கேரட் விளிம்பில் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. மசித்தவளின் விரல் இழுத்த தடம் அதில் அப்படியே இருந்தது. சுமன் கழுவத் தண்ணீர் மொண்டான். மொண்ட தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். சட்டியில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது.