பாவமன்னிப்பை யார் சொல்வது?

செல்வராணி சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ட்ராம் ஓட்டுகிறாள். ஞாயிறு பிற்பகலில், அங்குள்ள சிறிய தமிழ் லுத்தரன் சபைக்கு ஆர்கன் வாசிப்பதும் அவள்தான். கட்டடம் இரவல். ஒரு மணிக்குத் திறந்துவிடுவார்கள், இரண்டு மணிக்கு ஆராதனை. நாலு மணிக்கு அடுத்த சபைக்கு ஒப்படைக்க வேண்டும்.

சபை மூப்பர் சந்திரகுமாரோடு அவள் முகம் கொடுத்துக் கதைத்து ஏழு மாதமாகிவிட்டது. அவர் மயிலாடுதுறைக்காரர், மருந்துக் கம்பனியில் வேலை. உயிர்த்த ஞாயிறன்று, ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "அக்கா வாசிக்கிற வேகத்துக்கு ஆண்டவர் திங்கக்கிழமைதான் எழுந்திருப்பார்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் அவளுடைய மகள் யதுஷாவும் ஒருத்தி. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு, காற்று பேயாய் அடித்தது. இரண்டேகால் ஆகியும் போதகர் மதுஷனைக் காணவில்லை. சந்திரகுமாரின் போன் அடித்தது. தண்டவாளத்தில் மரம் விழுந்து, போதகர் வந்த ரயில் ஓல்டன் நிலையத்துக்கு முன்னால் நின்றுவிட்டதாம்.

"எனக்காகக் காத்திருக்காதேங்கோ, தொடங்குங்கோ," என்றார் போதகர். சந்திரகுமார் எல்லோருக்கும் கேட்கும்படி போனை உயர்த்திப் பிடித்தார். போதகர் தொடர்ந்தார்: "பாவமன்னிப்பையும் விட்டுடாதேங்கோ. நான் இல்லாட்டி உங்களில ஆரும் சொல்லலாம். அது சொல்லுறவரின்ர சொல் இல்லை, கர்த்தரின்ர சொல்."

முதல் பாட்டு முடிந்தது. சந்திரகுமார் பீடத்தின் முன் நின்று பாவ அறிக்கையை வாசித்தார். சிந்தையாலும் சொல்லாலும் செயலாலும் என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. செல்வராணி ஆர்கனில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தின் பக்கம் ஒட்டிக்கொண்டதாக்கும் என்று நினைத்தாள்.

"பொதுவா பாவின்னு சொல்லிட்டுப் போறது சுலபமா இருக்கு," என்றார் அவர். "நான் செல்வராணி அக்காவை எல்லார் முன்னாடியும் கேலி பண்ணினேன். அப்புறம் மன்னிப்புக் கேக்க வெட்கப்பட்டுட்டு இத்தனை மாசம் ஓட்டிட்டேன். அதுவும் பாவம்தான்."

அடுத்தது, வழக்கமாகப் போதகர் சபைக்கு அறிவிக்கும் பாவமன்னிப்பு. அவர் புத்தகத்தைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். தனக்குத்தானே எப்படிச் சொல்லிக்கொள்வது? இருபத்துமூன்று பேர் எழுந்து நின்றபடி காத்திருந்தார்கள்.

கோபம் போய்விட்டதா என்று செல்வராணி தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை, அப்படியே இருந்தது. அது ஆறட்டும் என்று இருந்தால் கிறிஸ்மஸும் வந்து போய்விடும். ஆனால் போதகர் சொன்னது சரியென்றால், இந்தச் சொல்லுக்கு அவளுடைய மனநிலை ஒரு பொருட்டே இல்லை. கர்த்தர் ஏற்கெனவே சொல்லி முடித்ததைத்தான் அவள் அறிவிக்கப் போகிறாள்.

எழும்பி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சந்திரகுமார், இயேசு கிறிஸ்துவின்ர நாமத்தில சொல்லுறன், உங்கட பாவங்கள் உங்களுக்கு மன்னிக்கப்பட்டிருக்கு."

"ஆமென்," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

சொல்லி முடித்தபோது, அந்தச் சொல் தன் காதிலும் விழுந்தது போலிருந்தது அவளுக்கு. திரும்பிப் போகக் கால் வரவில்லை. "எனக்கும் சொல்லுங்கோ. உங்களைப் பற்றி நான் வீட்டில கதைச்சது கொஞ்சநஞ்சமில்லை."

"ஓம், அது உண்மை!" என்றாள் மூன்றாம் வரிசையிலிருந்து யதுஷா.

சபை முழுவதும் சிரித்தது, செல்வராணியும் சிரித்துவிட்டாள். சந்திரகுமார் அதே சொற்களை அவளுக்குச் சொன்னார். பிறகு இருவருமாகச் சபை முழுவதற்கும் சொன்னார்கள். அவள் ஆர்கனுக்குத் திரும்பி வாசித்த வேகத்தில் பாடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கியது.

மூன்று மணிக்குப் போதகர் நனைந்த சப்பாத்தோடு ஓடி வந்தார். நடந்ததைச் சந்திரகுமார் காதோடு சொன்னதும், அவர் அங்கியை மாட்டிக்கொண்டே, "அப்ப எனக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. ரயிலுக்குள்ள நான் கதைச்சதுகள் நல்லாயில்லை," என்றார். சொன்னார்கள். பிரசங்கம் ஐந்தே நிமிடம். திருவிருந்துக்கு மட்டும் அவர் அவசரப்படவில்லை. அப்பமும் திராட்சரசமும் ஒவ்வொருவருக்கும் நிதானமாகக் கொடுத்தார்.

கட்டடத்தை அடுத்த சபைக்கு ஒப்படைக்கும்போது சந்திரகுமார் கேட்டார்: "அக்கா, கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வென்ட் பாட்டுகளுக்கு என் கிட்டாரையும் சேத்துக்கலாமா?"

"கொண்டு வாங்கோ, ஒத்திகைக்கு ஒரு மணிக்கே வாங்கோ," என்றாள் செல்வராணி. "ஆனால் தாளம் நான் சொல்லுறதுதான்."