பூட்ஸ் போட்ட முனீஸ்வரர்

எங்கள் பிளாட் கட்டடத்தில் இன்றைக்கு வீட்டுக்கு ஒரு சிப்பாய் இருக்கிறான். ஓரடி உயரம். முட்டி மடங்கும், விரல் மடங்கும். நிஜத் துணியில் தைத்த சட்டை, கழற்றி மாட்டக்கூடிய பூட்ஸ். கண்ணாடிப் பெட்டிக்குள் விறைப்பாக நிற்கிறான். யாரைக் கேட்டாலும் இந்தப் பழக்கம் தங்கள் வீட்டிலிருந்துதான் தொடங்கியது என்பார்கள். சுத்தப் பொய். தொடங்கியது என்னிடமிருந்து. அதுவும் நான் குப்புறப் படுத்ததிலிருந்து.

நான் ஸ்ரீகரன். பினாங்கில், பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. நாற்பது தாண்டிய ஆள் பொம்மைக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உலகம் எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி தர்மினி, உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம் என் பொம்மை அலமாரியின்மேல் பழைய சேலையைப் போட்டு மூடிவிடுவாள். யாழ்ப்பாணத்து வம்சம், தாத்தா ரயில்வே ஆபீசில் தலைமைக் கிராணி, பேரன் பொம்மை வைத்து விளையாடுகிறான் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடுமாம்.

என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் மோகனராஜ். பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவானில் வீடு, என் தொழிற்சாலையிலேயே வேலை. எங்கள் சாப்பாட்டு நேரம் முழுக்க இடுப்புப் பட்டையின் பக்கிள் பற்றியும் துப்பாக்கி வாரின் நிறம் பற்றியும்தான் போகும். மற்றவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு அது வசதி. வெறும் உடம்பு பொம்மையை வாங்கி, தானே உடுப்புத் தைத்து, இரண்டு வருடம் உட்கார்ந்து அவன் ஒரு கூர்க்கா சிப்பாயைச் செய்திருந்தான். கையில் வளைந்த கத்தி. மூக்குக்குக் கீழே முறுக்கு மீசை, அதை முடி முடியாக நட்டிருந்தான். அதை ஒரு கண்காட்சிக்கு அனுப்புவதற்காக, படம் எடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான்.

"கையுறை போடாம தொடாதே. மீசையில ஒரு முடி கொட்டுனாலும் நம்ம ஃபிரெண்ட்ஷிப் அதோட ஹபிஸ்லா," என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஹபிஸ் என்றால் முடிந்தது முடிந்ததுதான். அவன் அப்படிப் பேச்சை முறித்துக்கொண்ட ஆட்கள் ஏற்கெனவே உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை. பிளாட்டுக்குப் பின்னால் ஒரு அங்சானா மரம், பதுங்குகுழி மாதிரி வேர்கள். கூர்க்காவை வேர்களுக்கு நடுவில் நிறுத்தினேன். போர்க்களம் என்றால் புகை வேண்டாமா? தர்மினியின் சாமி அறையிலிருந்து கொஞ்சம் ஊதுபத்தியும் சாம்பிராணியும் எடுத்து வந்து கொளுத்தினேன். பொம்மை ஆஜானுபாகுவாகத் தெரிய வேண்டுமானால் கேமரா தரையோடு தரையாக இருக்க வேண்டும். ஆகவே மண்ணில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் படம் எடுத்தேன். எழுந்து தூரம் பார்த்தேன். மறுபடி படுத்தேன். மறுபடி எழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து முன்பக்கம் எவனோ ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். நான் நிறுத்தியிருந்த கரேத்தாதான் அவன் காரின் வழியை மறித்து நின்றது. ஓடிப்போய் நகர்த்திவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் கூர்க்காவின் நெற்றியில் குங்குமம். எதிரே மூன்றாம் மாடி புஷ்பவள்ளி அக்கா கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார்.

"ஐயோ அக்கா! என்ன பண்ணிட்டீங்க!"

"மேலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் தம்பி இருந்தேன். நீங்க படிச்சவரு, யாழ்ப்பாணத்து ஆளு. எங்க முனீஸ்வரர் கோயில் பக்கமே வரமாட்டீங்க. நீங்களே மண்ணுல விழுந்து விழுந்து கும்பிடுறீங்கன்னா சும்மாவா?"

"இது பொம்மைக்கா!"

"கும்பிடாதவங்களுக்கு எல்லாச் சாமியும் பொம்மைதான்," என்று சொல்லிவிட்டு அவர் வேண்டுதலைத் தொடர்ந்தார். "முனீஸ்வரா, முட்டி வலி தாங்கலப்பா. அந்த லிப்ட்டு ஓடணும்."

எங்கள் லிப்ட் பழுதாகிப் பல மாதம். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வாய் மூடவில்லை, உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டு லிப்ட் கீழே வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே ஹைருல் என்று சட்டையில் பெயர் தைத்த மெக்கானிக், கையில் கருவிப் பெட்டி.

"பாருங்கக்கா, ரிப்பேர் பண்ண ஆளு வந்திருக்கான்!"

"அவனை அனுப்புனது யாரு?" என்றார் அக்கா.

சாயங்காலத்துக்குள் எலுமிச்சை, சுருட்டு, கதம்ப மாலை எல்லாம் வந்துவிட்டன. மேல்மாடி ஆ ஹெங் அங்கிள் ஆரஞ்சுப் பழமும் பிளாஸ்டிக் பையில் பால் விடாத கோப்பி ஓவும் கொண்டுவந்து வைத்தார். யாரோ மேலே ஒரு தகரத்தைக் கட்டினார்கள். மோகனராஜ் கையுறை போட்டுத் தொட்ட மீசையில் நல்லெண்ணெய் சொட்டியது. எடுத்துவிடலாம் என்றால் ஆள் விலகவே இல்லை.

செவ்வாய்க்கிழமை உடம்பு சரியில்லை என்று லீவு போட்டேன். எல்லாரும் வேலைக்குப் போன மத்தியானம், பையோடு மரத்தடிக்குப் போனேன். ஆ ஹெங் அங்கிள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். நான் கையை நீட்டியதும், "ஜாங்கான் காச்சாவ்லா!" என்று விசிறியால் என் கையில் ஒன்று வைத்தார். சாமியைத் தொந்தரவு செய்யக் கூடாதாம்.

மோகனராஜ் தினமும் கேட்டான். வெளிச்சம் சரியில்லை என்றேன். மேகமூட்டம் என்றேன். பினாங்கில் அந்த மாதம் முழுக்க மண்டை பிளக்கும் வெயில்.

இதற்கிடையில் புஷ்பவள்ளி அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். "சாமி தனியா நிக்கிறாரு தம்பி, பாக்கப் பாவமா இருக்கு. துணைக்கு ஆளு எங்க கிடைக்கும்?" பொம்மைகள் கூட்டமாகச் சேர்ந்தால் நடுவில் கூர்க்காவை உருவிவிடலாம் என்று நினைத்து, டவுனில் கொம்தார் பக்கம் ஒரு பொம்மைக் கடையைச் சொல்லித் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூர்க்காவுக்கு இடப்பக்கம் ஒரு அமெரிக்க மரீன், வலப்பக்கம் ஒரு ஜெர்மன் டாங்கி ஓட்டி, காலடியில் முக்குளிக்கும் வீரன். பரிவார தேவதைகளாம். பிறகு வேண்டுதல் பலித்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு சிப்பாயை நேர்ந்துகொண்டு வந்து வைத்தார்கள். மரத்தடி போதாமல் வீட்டிலும் வைத்தார்கள். வாரம் ஒரு அலங்காரம். பாலைவன உடுப்பு, பனி உடுப்பு, மழைக்கோட்டு. அக்கா பிளவுஸ் தைக்கிற மெஷினில் உள்ளங்கை அளவு கால்சட்டை தைக்கக் கற்றுக்கொண்டார். ஒருநாள் பிளாட்டின் வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. அக்கா என்னிடம் வந்து கொதித்தார்.

"அம்பத்து நாலாம் வருசத்து ஹெல்மெட்டுக்கு நாப்பத்தொன்னாம் வருசத்து பெல்ட்டைப் போட்டு வச்சிருக்காங்க! இது சாமி குத்தம் ஆயிரும் தம்பி! நீங்களே சொல்லுங்க!"

சொல்லப்போனால் அக்கா சொன்னதுதான் சரி. இத்தனை வருடம் சேகரிக்கிற எனக்கே அது கண்ணில் படவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்தால் என் அலமாரிமேல் சேலையைக் காணோம். தர்மினி தன் பெரியம்மா குடும்பத்துக்கு என் சிப்பாய்களைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். "இவர்தான் முதல்ல ஆரம்பிச்சது பெரியம்மா. இங்க எல்லாரும் இவர்கிட்டத்தான் வந்து கேப்பாங்க," என்கிறாள். எத்தனை வருடம் ஏங்கிய வார்த்தை! எனக்குச் சந்தோஷமே வரவில்லை. கூர்க்காவை இன்னும் மீட்கவில்லையே என்பதுதான் மனசில் ஓடியது.

கடைசியில் மோகனராஜே வந்துவிட்டான். யாரோ மரத்தடியைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். பாலம் தாண்டி வந்து, மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மரத்தை நோக்கி நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். அவனுடைய கூர்க்கா பட்டு கட்டி, வாயில் சுருட்டோடு, திருநீறு அப்பிய மீசையோடு நின்றான். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவன் பொம்மையை நோக்கிக் கையை நீட்டினான்.

"ஏய், யாருப்பா நீ? குளிச்சியா? சாமியைத் தொடுற!" என்று அக்கா பாய்ந்தார்.

"நான்தான்க்கா இதைச் செஞ்சேன்." "ரெண்டு வருசம். மீசைய ஒவ்வொரு முடியா நட்டேன்."

கூட்டம் ஓர் அடி பின்னால் நகர்ந்தது. ஆ ஹெங் அங்கிள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"செய்யுறப்ப கவிச்சி சாப்புட்டீங்களா?" அக்காவின் குரலில் மரியாதை ஏறியிருந்தது.

"சாப்பிடல. கையில எண்ணெ பட்டா துணி கெட்டுரும்ல."

"வெறுங் கையால தொட்டீங்களா?"

"ஒரு நாளும் இல்ல. கையுறை போட்டுத்தான்."

"பக்கத்துல யாரையும் விட்டீங்களா?"

"கதவைச் சாத்திக்கிட்டுத்தான் செய்வேன்."

புஷ்பவள்ளி அக்கா தடாலென்று அவன் காலில் விழுந்தார்.

மோகனராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. அந்த மீசையை எப்படி நட்டாய் என்று என்னைத் தவிர வேறு யாரும் அவனைக் கேட்டதே இல்லை. இப்போது ஒரு கூட்டமே கைகட்டிக் கேட்கிறது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, வேரின்மேல் உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தான். இடுக்கி, பசை, பூதக்கண்ணாடி, ஒன்று விடாமல் சொன்னான். பக்கிளுக்கு வந்தபோது ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ அவன் தோளில் சிவப்புத் துண்டைப் போர்த்தினார்கள். அவன் அதை எடுக்கவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அவன்தான் பூசாரி. தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு உட்கார மாட்டான். நான் மீன்கறி சாப்பிடுகிறேனாம், தீட்டு. கையசைப்பான், அவ்வளவுதான். நம்ம ஃபிரெண்ட்ஷிப் ஹபிஸ் என்று திட்டியிருந்தாலாவது காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். திட்டாத ஆளிடம் என்ன கேட்பது?

போன வெள்ளிக்கிழமை வெட்கத்தை விட்டு நானும் வரிசையில் நின்றேன். பாராசூட் படைச் சிப்பாய் ஒன்று புதிதாக வந்திருந்தது, தோல் கையுறையோடு. இதை அவனிடம் சொல்லாமல் நான் யாரிடம் சொல்வேன்? பிளாட் முழுக்க ஆள் இருக்கிறது, எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். நான் பேச ஆள் இல்லை.

என் முறை வந்தது. "மோகன்," என்றேன் மெதுவாக. "அந்த பாராசூட்காரன் வந்திருக்கான், பாத்தியா? தையல் அப்படி இருக்குடா."

அவன் அர்ச்சனைத் தட்டிலிருந்து நிமிரவில்லை. "பேரு, நட்சத்திரம்?" என்றான்.

பின்னாலிருந்து புஷ்பவள்ளி அக்கா முதுகில் தட்டினார். "சட்டுனு சொல்லுங்க தம்பி, லைன் நிக்குதுல்ல."

"ஸ்ரீகரன்," என்றேன். "திருவாதிரை."

அவன் கண்ணை மூடி அதைச் சத்தமாகச் சொன்னான், முதல்முறையாகக் கேட்ட பெயரைப் போல, ஒரு எழுத்தும் பிசகாமல். கையை நீட்டித் திருநீறு வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.