வெறுங்குழாய்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, டாக்டரக்கா தன்னுடைய ஏழு மாத வேலை பொய் என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்பதுகூடப் பெரிய வார்த்தை. மறதியில் நடந்துவிட்டது.

டாக்டரக்கா என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். அந்த வித்தியாசம் சொந்தபந்தத்தில் யாருக்கும் பிடிபடவில்லை. பட்டம் வாங்கிய வாரமே ஒருவர் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்து நின்றார். தெரியாது என்று சொன்னதற்கு, நாலெழுத்து படித்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேச்சு. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. தம்பி மட்டும் அந்தப் பெயரைக் கேலியாகச் சொன்னதே இல்லை. அக்கா சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் வியாதி.

அவள் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். மாட்டுச் சாணத்தை மூடிய தொட்டியில் புளிக்க வைத்தால் மீத்தேன் வாயு வருகிறது. மரக்கரி சுடும் இடங்களில் கரியோடு சேர்ந்து தார் மாதிரி நாற்றம் பிடித்த ஒரு கழிவு வடிகிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் விழிக்கிறார்கள். இந்த இரண்டையும் ஆவியாகச் சேர்த்து, நெருப்பாய்ச் சுடுகிற ஒரு குழாய்க்குள் அனுப்ப வேண்டும். உள்ளே சரியான வினையூக்கி இருந்தால், மறுமுனையில் எஞ்சினில் ஊற்றக்கூடிய எண்ணெய் சொட்டும். அதற்குத் தங்கத்தைவிட விலை கூடிய உலோகங்கள் வேண்டும் என்றுதான் அதுவரை பேச்சு. அவள் மரச்சாம்பலில் இரும்பை ஏற்றி ஒரு கறுப்புத் தூள் செய்தாள். அதைக் குழாயில் போட்டாள். சொட்டியது. ஏதோ ஒரு நாள் அதிர்ஷ்டத்துக்கு இல்லை, நாற்பது தடவை சொட்டியது.

தம்பி வந்து பார்த்தான். குடுவையின் அடியில் தேங்கிய எண்ணெயை முகர்ந்து பார்த்தான். அந்த மாதமே லாரி ஓட்டும் வேலையை விட்டுவிட்டு, தன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூரை போட்டுப் பத்துக் குழாய்களை நிறுத்தினான். அவற்றை வெட்டிப் பற்றவைத்துக் கொடுத்தவன் அவன் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். வெல்டர். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தங்கையைத் தனியாளாய் வளர்த்துக் கட்டிக்கொடுத்தவன். மச்சானும் மாப்பிள்ளையும் எந்நேரமும் ஒட்டிக்கொண்டே திரிந்ததைப் பார்த்து, கல்யாணம் நடந்தது எனக்கா உங்கள் இரண்டு பேருக்குமா என்று தம்பி மனைவியே கேட்டிருக்கிறாள்.

கொட்டகையில் மட்டும் ஒன்றும் சொட்டவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், இரண்டு மாதம். வாயு உள்ளே போனது, அப்படியே வெளியே வந்தது. தம்பி தலையைப் பிய்த்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டான். நான் சொன்னபடி நீ செய்த தூளில் ஒரு பிடி அனுப்பு என்றாள் அவள். அனுப்பினான். ஆய்வகத்தில் தன் குழாயில் போட்டுப் பார்த்தாள், வழக்கம்போலச் சொட்டியது. தூள் நல்ல தூள். அப்படியானால் கோளாறு குழாயில்தானே இருக்க வேண்டும்? அறிக்கை ஒன்றை அவசரமாக எழுதிக்கொண்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சொன்னாள்.

"வெல்டிங்லதான்டா கோளாறு. எங்கேயோ கசியுது. பார்க்கச் சொல்லு."

அவ்வளவுதான் சொன்னாள். போய்ப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரப் பஸ் பயணம். அன்றைக்கு அதற்கு நேரமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

அக்கா சொல்லிவிட்டாளே. தம்பி மச்சானைக் கூப்பிட்டு எல்லா இணைப்புகளையும் வெட்டி மறுபடி பற்றவைக்கச் சொன்னான். செய்தான். ஒன்றும் சொட்டவில்லை. இன்னொரு தடவை. அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை முடிந்தபோது தம்பியின் வாய் கட்டவிழ்ந்துவிட்டது. குடித்துவிட்டுத்தான் பற்றவைத்தாயா என்று கேட்டான். குடி என்றால் எட்ட நின்று மூக்கைப் பொத்துகிற ஆளைப் பார்த்து. வெல்டர் முகமூடியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, தங்கையிடம்கூடச் சொல்லாமல் நடையைக் கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி மனைவி டாக்டரக்காவைக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், புருஷன் பக்கத்து அறையில் இருந்திருப்பான்.

"அண்ணி, எங்க அண்ணன் கப்பல்ல வெல்டர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டான். மூணு வருஷம். இந்த வாரக் கடைசியில கிளம்புறானாம். இவரு ஒரு வார்த்தை கூப்பிட்டா நின்னுடுவான், ஆனா இவரு மாட்டேங்குறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. எனக்கு அவனை விட்டா யாரு இருக்கா?"

பார்க்கிறேன்மா என்றாள் டாக்டரக்கா. போனை வைத்தாள். தம்பியிடம் என்னவென்று சொல்வது? வெல்டிங் சரியாகத்தான் இருக்கும் என்றா? அப்படியென்றால் கோளாறு எங்கே? ராத்திரி முழுக்க அதையே உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் கண் எரிச்சலோடு ஆய்வகத்துக்குப் போனாள்.

குழாயை அடுப்புக்குள் பொருத்தினாள். சூடேற்றினாள். வாயுவைத் திறந்தாள். கை தானாகச் செய்கிற வேலை அது. மனம் வெல்டரிடம் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஐஸில் வைத்த குடுவையைப் பார்த்தால் எண்ணெய் தேங்கியிருந்தது. வழக்கமான அளவு, வழக்கமான நிறம். குறித்துக்கொள்ள நோட்டை எடுத்தபோதுதான் தராசின் மேல் அந்தச் சின்னப் புட்டி கண்ணில் பட்டது. காலையில் எடைபோட்டு வைத்த தூள் மூடியோடு அப்படியே இருந்தது.

தூளைப் போடவே இல்லை. வெறும் குழாய்தான் எண்ணெய் செய்திருக்கிறது.

ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். வெறுங்குழாய்ச் சோதனையை அவள் செய்யாமல் இல்லை. இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது: தூள் போடாமல் ஒரு தடவை ஓட்டிப் பார், எதுவும் வராவிட்டால்தான் தூளுக்குப் பெருமை. செய்திருந்தாள், ஒன்றும் வரவில்லை என்று நோட்டில் எழுதியும் இருந்தாள். ஆனால் அன்றைக்கு இந்தக் குழாயில் தூள் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் வீணாக வேண்டாமே என்று ஸ்டோரிலிருந்து ஒரு புதுக் குழாயை வாங்கி அதில் ஓட்டிப் பார்த்தாள். சோதனை புதுக் குழாயில், தூள் பழைய குழாயில். ஒரே கம்பெனி, ஒரே நீளம், ஒரே எஃகு. என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். நாற்பது தடவை நினைத்தாள்.

ஸ்டோர்காரரிடம் போய் இந்தப் பழைய குழாய் முதலில் யாரிடம் இருந்தது என்று கேட்டாள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, பேரேட்டைப் புரட்டாமலே சொன்னார். ஆறு வருஷம் முன்னால் ஒருத்தர் இருந்தார், தங்கத்தைவிட விலை கூடின உலோகத்தைக் கரைத்துக் கரைத்து ஊற்றுவார், கையெழுத்து வாங்குவதற்குள் என் பிராணன் போய்விடும், அவர் வைத்திருந்த குழாய்தான். அமிலம் ஊற்றிக் கழுவித்தான் உங்களுக்குக் கொடுத்தேன் என்று தன் பங்குக்கு ஒரு நற்சாட்சியும் கொடுத்துக்கொண்டார். கழுவியிருப்பார். எஃகுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்ட உலோகம் கழுவினால் போகுமா? அவளுடைய கறுப்புத் தூள் ஏழு மாதம் அந்தக் குழாய்க்குள் சும்மா குந்தியிருந்து பேர் வாங்கியிருக்கிறது.

அப்போதே பஸ் ஏறியிருக்க வேண்டும். அப்போதே போனையாவது எடுத்திருக்க வேண்டும். எடுத்தாள், தம்பியின் எண்ணை வரவழைத்தாள், மறுபடி வைத்தாள். ஒரு தடவை நடந்ததை வைத்து எப்படிச் சொல்வது? மூன்று தடவை ஒரே முடிவு வராமல் வாயைத் திறக்கக் கூடாது என்று படித்தவள், படித்ததை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவள். அது நியாயமான காரணம்தான். ஆனால் அவளுக்கே தெரியும், அந்தக் காரணத்துக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை வெறுங்குழாய் ஒன்றும் சொட்டாமல் விட்டால்? திங்கட்கிழமை நடந்தது ஏதோ பழைய எச்சம் என்று ஆகிவிட்டால்? எல்லாம் முன்போலவே சரியாகிவிடும். வெல்டர் கிளம்புவது வாரக் கடைசி என்றுதானே தம்பி மனைவி சொன்னாள். இன்னும் நாள் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை குழாயை மூன்று முறை கழுவி, உலர்த்தி, வெறுமையாக ஓட்டினாள். சொட்டியது. ஒவ்வொரு சொட்டுக்கும் விழாதே விழாதே என்று வாய்விட்டே சொன்னாள். ஏழு மாதம் விழு விழு என்று வேண்டியவள். புதன்கிழமை அந்தப் புதுக் குழாயைத் தேடியெடுத்து, தம்பி அனுப்பிய தூளை அதில் கொட்டினாள். மாலை ஐந்து மணிவரை குடுவை உலர்ந்தே கிடந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கழுவும் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். வேலை போனதற்கு மட்டும் இல்லை. தம்பி கொட்டகையின் பத்துக் குழாய்களும் நினைவுக்கு வந்தன. அத்தனையும் புத்தம்புதுக் குழாய்கள்.

வியாழக்கிழமை முதல் பஸ். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கொட்டகையில் தம்பி ஆறாவது குழாயின் இணைப்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். வெல்டர் போனபிறகு தானே பற்றவைக்கப் பழகியிருக்கிறான். கையெல்லாம் பொறி பட்ட கொப்புளம். தாடி மண்டியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்ததே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் சாக்பீஸால் சுழித்த வட்டங்கள் இருந்தன. ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொன்று, அதையும் சுற்றி மூன்றாவது. இது என்னவென்று கேட்டாள்.

"மச்சான் போட்டது. பத்தவெச்சு முடிச்சு ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணி தடவிப் பார்ப்பான். குமிழி வரலைன்னா ஒரு வட்டம் போடுவான். ஒண்ணுலகூட வரலைக்கா. நான்தான் நம்பலை. நீ கசியுதுன்னு சொல்லிட்டியே."

அவள் மென்று விழுங்காமல் சொல்லிவிட்டாள். பழைய குழாய், புதுக் குழாய், தராசின் மேல் மறந்த புட்டி, எல்லாவற்றையும். வெல்டிங்கில் ஒரு குறையும் இல்லை, தூள்தான் வெறும் சாம்பல், தப்பு முழுக்க என்னுடையது என்றாள். தம்பி அரத்தைக் கீழே வைத்தான். பிறகு, மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததைப் பிடிக்கிற மாதிரி, அந்தப் பழைய குழாயைக் கொண்டுவந்து இங்கே மாட்டினால் ஓடுமா என்று கேட்டான். ஓடும், ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் வரும், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் என்றாள். அவன் சிரிக்க முயன்றான். முகம் கோணிக்கொண்டது. ஒரு லாரி ஓட்டக்கூடக் காணாது என்றான்.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்து வந்தவள், திட்டினால் தேவலாம் என்று நின்றாள். அவனோ சட்டென்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். குழாய் கிடக்கட்டும், முதலில் மச்சான் காலில் விழணும், அக்கா நீயும் வா, நீயே உன் வாயால் சொல்லு என்று செருப்பைத் தேடினான். இரண்டு மாதத்தில் அவன் செய்ய நினைத்த முதல் உருப்படியான காரியம் அது. டாக்டரக்காவுக்கும் மூச்சு வந்தது. இதையாவது சரிசெய்துவிடலாம்.

தம்பி மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாய் நின்றாளோ, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எங்க போறீங்க? அவன் நேத்தே போயிட்டான்."

வாரக் கடைசி என்றாயே என்றாள் டாக்டரக்கா. கப்பல் முன்கூட்டியே கிளம்புகிறது என்று செவ்வாய்க்கிழமை ராத்திரி தகவல் வந்ததாம். புதன்கிழமை விடியற்காலையில் பையோடு வந்து, இந்தக் கொட்டகைப் பக்கம் பார்க்காமல், பின்வாசலில் தங்கையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனானாம். மாப்பிள்ளை கூப்பிட்டாரா என்று கடைசியாகக் கேட்டானாம். இல்லை என்றாளாம் இவள். புருஷனிடம் அவள் இதைச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சு நின்று பத்து நாள் ஆகிறது.

தம்பி போனை எடுத்து மச்சானின் எண்ணை அழுத்தினான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அழுத்தினான். அதையே சொன்னது. மூன்றாவது தடவையும் அதே பதில் வந்ததும், அப்படியே மாட்டுத்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

தம்பி மனைவி அவனைப் பார்க்கவில்லை. டாக்டரக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெல்டிங்ல தப்பு இல்லேன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது அண்ணி?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"திங்கட்கிழமை" என்றாள். பிறகு, அந்த ஒரு வார்த்தையோடு நிற்கத் தைரியமில்லாமல், "மூணு தடவை பார்க்காம எதையும் சொல்லக் கூடாதும்மா. எங்க வேலையில அப்படித்தான்" என்றாள்.

தம்பி மனைவி தலையாட்டினாள். புரிந்தது என்பது போலத்தான் ஆட்டினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"எங்க அண்ணனை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்காமலேயே சொல்லிட்டீங்களே அண்ணி."